ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனிமைக்கு எங்கே போவது?

திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் இருக்கிற ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது: "வீட்டில் நானும் அவரும், இரண்டு பிள்ளைகள், மாமா, மாமி. விடிய நாலரைக்கு எழும்பினால் இரவு பத்து மணிமட்டும் ஓட்டம்தான். இடையில் வேலைக்கும் போய் வரவேண்டும். ஒரு பத்து நிமிடமாவது மனம் அடங்கித் தனியே இருக்க ஆசை. ஆசிரமம், தியான முகாம் என்று போக வசதியில்லை. இந்தச் சத்தத்துக்குள் இருந்துகொண்டு அது முடியுமா? எத்தனை நாளில் பலன் தெரியும்? இப்படி ஆசைப்படுவது சுயநலமோ என்றும் ஒரு யோசனை."

முடியும். சுயநலமும் இல்லை. காரணங்களைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உளவளத்துணை வேலையில் பல வருடம் இருந்தவள் நான். இதே கேள்வி வேறு வேறு வடிவில் என்னிடம் வந்திருக்கிறது. கேட்டவர்களில் அநேகம் பேர் பெண்கள். ஆண்களுக்குக் கடற்கரை இருக்கிறது, சந்தி இருக்கிறது, தேத்தண்ணீர்க் கடை வாங்கு இருக்கிறது. "சும்மா ஒரு நடை போயிட்டு வாறன்" என்று சேர்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கினால் எங்கே, ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெண் அப்படி இறங்கினால் படலை தாண்டுவதற்குள் மூன்று கேள்வி வரும். ஆகவே உங்களுக்குச் சொல்லும் வழி வீட்டுக்குள்ளேயே நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். திருகோணமலையில் விடியற்காலையில் நிசப்தம் தேடுவது வீண்வேலை. பள்ளிவாசலில் சுபஹுக்கான பாங்கு, பிறகு கோயில் மணி, திருவிழாக் காலம் என்றால் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு, போயா என்கிற பௌர்ணமி நாளில் பௌத்த விகாரையிலிருந்து பிரித் ஓதல், ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி. இவற்றோடு காகமும் நாயும் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரும். ஆறு மணி தாண்டினால் பாண் விற்கிற ஓட்டோ பேத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பும்.

அந்தப் பாண் ஓட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு காதில் விழுகிறது. "பாண் வேணுமா? நேற்றையது பாதி கிடக்கு. சின்னவன் பழைய பாண் தின்னமாட்டான். மாற்றின காசு இருக்கோ? போன முறை ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்ட அவன் முகத்தைச் சுழித்தவன். இந்த மாதம் இனி ஐயாயிரம் தாளுக்கு எங்கே போவது? கரண்ட் பில் வேறு கட்டவில்லை." ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது. நீங்கள் மின்சாரக் கட்டணத்தில் நிற்கிறீர்கள். மெட்டு அரை நிமிடம்தான் கேட்டது, அதற்கு மனம் சொன்ன பதில் பத்து நிமிடம் ஓடியது. உங்களைக் களைக்கச் செய்வது அந்தப் பத்து நிமிடம்.

இத்தனை காலத்தில் நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். மனம் எதைக் கேட்டாலும் எதை நினைத்தாலும் உடனே மறுமொழி சொல்லிப் பழகியிருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு, வந்த செய்திக்கு, கூப்பிடாத குரலுக்கு, நேற்று மாமி சொன்ன ஒரு சொல்லுக்கு, நாளை மேலதிகாரி கேட்கப்போகும் கேள்விக்கு என்று எல்லாவற்றுக்கும். கொஞ்ச நேரத்துக்கு மறுமொழி சொல்லாமல் இருக்கத் தெரிந்தால் அதுதான் உள்ளே அமைதி. காது கேட்டுக்கொண்டே இருக்கலாம். நினைப்பும் வரலாம். வந்ததை வந்தபடி போகவிட்டால் போதும்.

சத்தம் இருந்தால் மனம் அடங்காது என்பது உண்மையானால் கோணேசர் கோயில் கடலோர மலையில் இருந்திருக்கவே முடியாது. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் கோணமாமலையைப் பாடிய பதிகம் தொடங்குவதே கழல் ஓசையோடும் சிலம்பு ஒலியோடும். கடலைக் "குரைகடல்" என்கிறார். அவர் இங்கே வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்று பெரியபுராணம் சொல்லும். அது வேறு கதை. நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கோயில் நிற்கிற சுவாமிமலையின் அடியில் அலை மோதும் சத்தம் மேலே பிரகாரம் வரைக்கும் கேட்கும். மாரியில் அது இன்னும் கூடும். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் ஆட்கள் கண்ணை மூடி நிற்கிறார்கள்.

சத்தமே இல்லாத இடம் என்று ஒன்று கிடைத்தாலும் அங்கேயும் ஏதோ கேட்கும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ், ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் எதிரொலியே எழாதபடி கட்டிய ஓர் அறைக்குள் போய் இருந்தார். அவருக்கு இரண்டு சத்தம் கேட்டது, ஒன்று கூரியது, மற்றது தாழ்ந்தது. வெளியே வந்து கேட்டபோது, கூரியது உங்கள் நரம்பு மண்டலம், தாழ்ந்தது இரத்த ஓட்டம் என்று அங்கிருந்த பொறியியலாளர் விளக்கம் சொன்னார் என்று கேஜ் பிற்பாடு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நரம்பு பற்றிய விளக்கம் சரியோ பிழையோ, உயிரோடு இருக்கிற உடம்புக்கு முழு நிசப்தம் கிடையாது.

அப்புறம், இது ஏன் இவ்வளவு கடினம் என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ரிமதி வில்சனும் குழுவினரும் செய்த சோதனைகள் 2014இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்தன. ஆட்களைத் தனி அறையில், போனோ புத்தகமோ இல்லாமல், 6 முதல் 15 நிமிடம் சும்மா இருக்கவிட்டார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சோதனையில் பக்கத்தில் ஒரு பொத்தானை வைத்தார்கள். அழுத்தினால் மின் அதிர்ச்சி. காசு கொடுத்தாவது இந்த அதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று முன்னர் சொன்னவர்களே, 15 நிமிடம் சும்மா இருக்க முடியாமல் தாங்களாகவே அழுத்திக்கொண்டார்கள். ஆண்களில் 18 பேரில் 12 பேர், பெண்களில் 24 பேரில் 6 பேர். பெண்கள் குறைந்ததற்கு ஆய்வாளர்கள் வேறு விளக்கம் வைத்திருப்பார்கள். கால்மணி நேரம் ஒருவரும் கூப்பிடாமல் இருக்கக் கிடைத்ததே பெரிய காரியம் என்று அந்தப் பெண்கள் இருந்திருப்பார்கள் என்பது என் விளக்கம்.

சரி, என்ன செய்வது?

விடிய முற்றம் கூட்டுகிறீர்கள்தானே? அதிலிருந்து தொடங்குங்கள். புதிதாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. போனை உள்ளே வைத்துவிட்டு ஈர்க்குமாற்றோடு இறங்குங்கள். வளவின் ஒரு மூலையிலிருந்து கூட்டிக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். ஈர்க்கு மணலில் உரசும் சத்தம் ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் மாறும். ஈர மணலில் அடங்கியும் காய்ந்த மணலில் சரசரத்தும் கேட்கும், மாவிலைச் சருகு அகப்பட்டால் நொறுங்கும். வேப்பஞ்சருகு பொடியாக இருப்பதால் முதல் வீச்சில் வராது, இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் வரும். கூட்டிய இடத்தில் ஈர்க்கின் கீறல் வரிவரியாக விழுந்து கிடக்கும். கையையும் சத்தத்தையும் கீறலையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

இடையில் சமையல் நினைப்பு வரும். இன்றைக்கு என்ன கறி என்ற கேள்வி கட்டாயம் வரும். விரட்ட வேண்டாம். கண்டவுடன் அடுத்த வீச்சுக்குத் திரும்புங்கள். நூறு தரம் போனால் நூறு தரம் திரும்புவதுதான் பயிற்சி. "எனக்கு மனம் ஓடிக்கொண்டே இருக்குது, எனக்கு இது சரிவராது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஓடியதைக் கண்டீர்கள் அல்லவா? அப்போதே பாதி வேலை முடிந்தது.

மீன் வெட்டும்போதும் இதைச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். பூனை பக்கத்தில் நிற்கும், கை வழுக்கும், பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர் கேட்பார்கள். கூட்டுவது, உடுப்புத் தோய்ப்பது, முருங்கையிலை ஆய்வது போன்றவை நல்லது. கைக்குத் தானாகத் தெரிந்த வேலையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி மூச்சும் மந்திரமும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதைச் சாமி காரியம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, சாமி காரியம் என்பதற்காகவே விளக்கம் கேட்காமல் செய்கிறவர்களும் உண்டு.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் சகாக்களும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேர். அவர்களைச் செபமாலைச் செபத்தை இலத்தீனில் சொல்லச் செய்தார்கள், பிறகு "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற மந்திரத்தையும் சொல்லச் செய்தார்கள். ஒன்று கத்தோலிக்கம், மற்றது திபெத்திய பௌத்தம். இரண்டையும் சொல்லும்போது மூச்சு ஏறத்தாழ ஒரே அளவுக்கு, நிமிடத்துக்கு 6 தரமாக, இறங்கியது. சும்மா இருக்கிற வளர்ந்தவர் ஒருவர் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தரம் மூச்சு விடுவார். 6க்கு இறங்கியபோது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் மூச்சோடு சேர்ந்து ஒரே ஒழுங்கில் வந்தன.

பாலையூற்று லூர்து மாதா கோயிலில் செபமாலை உருட்டும் அம்மா, வில்லூன்றிக் கந்தசுவாமி கோயில் மண்டபத்தில் உருத்திராக்கம் உருட்டும் ஐயா, மூதூரில் தஸ்பீஹ் மணியோடு இருக்கும் பெரியவர், மூவரையும் நான் இந்த ஆய்வோடு சேர்த்து நினைப்பதுண்டு. மூவரும் ஒன்றையே செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் சொல்லை நீட்டிச் சொல்லும்போது மூச்சு வெளியே போவது நீளும். மூச்சு வெளியே போகிற நேரத்தில் வேகஸ் நரம்பின் வேலை கூடி இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும். அது உடம்பின் இயல்பு, எந்தச் சமயத்தவருக்கும் ஒன்றுதான்.

செய்கிற விதம்: முதுகுக்குச் சுவரோ கதிரையோ இருக்கட்டும். சப்பாணி கொட்டி இருக்க முடிந்தால் இருங்கள், முழங்கால் வலித்தால் தேவையில்லை. மனதில் நான்கு எண்ணும் அளவுக்கு மூச்சை மூக்கால் இழுங்கள். விடும்போது ஆறு எண்ணும் அளவுக்கு மெதுவாக விடுங்கள். எண்ணுவதற்குப் பதில் "நமசிவாய" என்று இரண்டு தரம் நிதானமாகச் சொன்னால் அளவு சரியாக வரும். ஒரு சுற்று பத்து செக்கன், நிமிடத்துக்கு 6. ஐந்து நிமிடம் செய்யுங்கள். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் விட்டுவிட்டு வழமையான மூச்சுக்கு வாருங்கள். தொய்வு (ஆஸ்துமா) இருப்பவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, தங்களுக்கு வசதியான அளவில் மட்டும் செய்யட்டும்.

நமசிவாய ஒட்டாதவர்கள் வேறு எதையும் சொல்லலாம். என்னிடம் வந்த ஒரு பெண் தன் ஊர்ப்பெயரைச் சொன்னாள். "தம்ப-ல-காமம்" என்று நீட்டிச் சொன்னால் அதுவும் வேலை செய்கிறது.

இனித் தனிமை. இதுதான் உங்கள் கேள்வியின் கடினமான பாதி. மனம் அடங்குவது உங்கள் கையில் இருக்கிறது. தனியே இருக்கவிடுவது மற்றவர்கள் கையில் இருக்கிறது.

பிரித்தானியக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகொட் 1958இல் ஒரு கட்டுரையில் எழுதிய கருத்து எனக்குப் பிடித்தது. தனியே இருக்கும் திறனைக் குழந்தை முதலில் கற்பது தாய் பக்கத்தில் இருக்கும்போதுதான் என்கிறார் அவர். தாய் அங்கே இருக்கிறாள், ஆனால் குழந்தையைக் கொஞ்சவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை, தன் பாட்டில் இருக்கிறாள். குழந்தையும் தன் பாட்டில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் அது தனியே இருக்கப் பழகுகிறது. நம் வீடுகளில் இது நிறைய நடந்தது. அம்மா விறாந்தையில் இருந்து கீரை ஆய்வாள், நாங்கள் பக்கத்தில் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு பேச்சும் இராது. இப்போது பிள்ளைக்கு ரியூசன், அம்மாவுக்குப் போன். ஒரே அறையில் இருக்கிறார்கள், இருவரும் வேறு எங்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மற்ற ஐந்து பேரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் தனிமை என்று நினைக்க வேண்டாம், அது நடக்காது. ஆட்கள் இருக்கட்டும், அந்தப் பத்து நிமிடம் உங்களிடம் எதையும் கேட்காமல் இருக்கட்டும். அதற்குக் கேட்டுப் பெற வேண்டும்.

மாமியிடம் "எனக்குத் தனிமை வேணும்" என்று சொன்னால் அவர் வேறு விதமாக எடுப்பார். வீட்டில் யாரோ பிழை விட்டுவிட்டார்கள் என்றுதான் அந்தச் சொல் கேட்கும். "மாமி, விளக்கு வைச்ச பிறகு பத்து நிமிசம் சாமி அறையில இருக்கப்போறன், பிள்ளையளக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். நம் வீடுகளில் சாமிக்கு விடுகிற இடத்தை மனிதருக்கு விடுவதில்லை. இருக்கிற வழக்கத்தைப் பயன்படுத்துவதில் பொய் ஒன்றும் இல்லை, சாமி அறையில்தானே இருக்கப்போகிறீர்கள். கணவரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவருக்கும் ஒரு பத்து நிமிடம் கொடுங்கள், அந்த நேரம் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் உங்கள் பொறுப்பு என்று. கொடுக்கல் வாங்கலாக இருந்தால் நீடிக்கும்.

பிள்ளைகளுக்கு "அம்மா இப்ப கதைக்கமாட்டா, பெரிய முள் ஆறுக்கு வந்தால் கதைப்பா" என்று மணிக்கூட்டைக் காட்டிவிடுங்கள். முதல் கிழமை கதவடியில் வந்து நிற்பார்கள். "முடிஞ்சுதா?" என்பார்கள். பதில் சொல்லாதீர்கள், சிரித்தால் போதும். சொன்ன நேரத்துக்கு எழும்பிவிடுவது முக்கியம். ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த நாள் நம்பமாட்டார்கள்.

போனைப் பற்றி ஊரறிந்த புத்திமதிகளை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று. நம் வீடுகளில் விடிய ஆறரை, ஏழுக்கு கனடாவிலிருந்து வைபரில் அழைப்பு வரும். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருக்கிற நேரம். இங்கே உங்களுக்கு அடுப்பில் ஒரு கை, பிள்ளையின் சப்பாத்தில் ஒரு கை. மறுக்கவும் முடியாது, கோபிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். "அக்கா, ஞாயிறு என்றால் ஆறுதலாக் கதைக்கலாம்" என்றால் அவர்களுக்கும் சந்தோஷம்தான். கிழமைநாட்களில் விடிய ஒரு பெரிய இடைவெளி கிடைக்கும்.

சுயநலமா என்று கேட்டீர்கள். நாள் முழுக்க எல்லோருக்கும் பதில் சொல்லி முடித்த ஒருத்தி இரவு எட்டு மணிக்குக் கணக்குத் தெரியாத பிள்ளையில் பாய்வதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அழுவதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தால் வீட்டில் யாருக்கு நட்டம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வீட்டை விட்டுப் போனால்தான் இது கைகூடும் என்பதற்கு நம் மண்ணிலேயே மாற்று உதாரணம் இருக்கிறது. "சும்மா இரு" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த யோகர் சுவாமி (1872–1964), கிளிநொச்சியில் இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியக் காப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்தவர். துறந்தது பிறகுதான். யாழ்ப்பாணத்தில் கொழும்புத்துறைக் குடிலுக்கு அவரைத் தேடிப்போனவர்களில் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் குடும்பக்காரர்களும் நிறைய. சந்தித்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த நாள் கந்தோருக்குப் போனார்கள்.

இடங்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் திருமலைக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. கோணேசர் கோயிலுக்குச் சனி ஞாயிறுகளில் போகாதீர்கள். தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்கள் வரிசையாக நிற்கும், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவில் படம் எடுக்க இடிபடுவார்கள். கிழமைநாளில், காலைப் பூசைக்கு முன்னரே பிரடெரிக் கோட்டை வாசலால் உள்ளே இறங்கி நடந்து போங்கள். மான்கள் வீதியோரம் படுத்திருக்கும். அந்த ஏற்றத்தைப் பேசாமல் நடந்து ஏறுவதே போதும், மேலே போய் வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. கன்னியா வெந்நீரூற்றைப் பலர் சொல்வார்கள். ஏழு கிணற்றடியிலும் வாளிச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும், இறந்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களின் கூட்டமும். அங்கே போவதற்கு வேறு காரணங்கள் உண்டு, அமைதி அதில் சேராது. நிலாவெளி வீதியில், உப்புவெளியில் இருக்கிற பொதுநலவாய யுத்த மயானம் ஆட்கள் அதிகம் நினைக்காத இடம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள், வெட்டி ஒழுங்காக்கிய புல், நிழல் தரும் மரங்கள். டச்சுக் குடாவில் வெயில் ஏறுமுன் நல்லது. ஆனால் பெண் ஒருத்தி தனியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் "என்ன தங்கச்சி, ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், ஆனாலும் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போய், பேசாமல் இருப்பதென்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு தரம் இப்படிப் போனால் நல்லது. போகாவிட்டால் ஒன்றும் குறையாது.

இப்போது, இந்த ஊரில் இதை எழுதும்போது விடக்கூடாத ஒன்று. திருகோணமலையில் எல்லோருக்கும் அமைதி இனிமையானது இல்லை. என் வயதுக்காரருக்கு நிசப்தம் என்றால் போர்க்கால ஊரடங்கு. தெரு அடங்கியிருக்கும், லாம்பைத் தணித்துவிட்டு, நாய் எந்தப் பக்கம் குரைக்கிறது, வாகனம் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்போம். அந்தக் காது இன்னும் அப்படியே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கடலின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரை இருட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னால், அடங்கியிருந்த படங்கள் எல்லாம் கிளம்பி வரும். தியானத்தால் எவருக்கும் கெடுதல் இல்லை என்று சொல்கிறவர்கள் இவர்களைச் சந்தித்ததில்லை.

உங்கள் வீட்டிலோ உங்களுக்கோ அப்படி இருந்தால் முறையை மாற்றுங்கள். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். முதுகு சுவருக்கு, முகம் வாசலுக்கு. பாதங்கள் இரண்டும் நிலத்தில் படட்டும், நிலத்தின் குளிரை உணருங்கள். அறையில் இருக்கிற ஐந்து பொருட்களை ஒன்றொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படம் வரத் தொடங்கினால் எழும்பி முகம் கழுவுங்கள், ஒருவரோடு கதையுங்கள். இவர்களுக்கு முற்றம் கூட்டுவதும் நடப்பதும்தான் சரி, உட்காருவது பிறகு. நித்திரை இல்லாமல், பயம் விடாமல் கிழமைக் கணக்கில் போனால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்ட வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். போர்க்காலத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஒரு பதிலுக்காகவே வருடக்கணக்காகக் காத்திருக்கும் தாய்மாரிடம், மனதை அடக்கிக்கொண்டு இருங்கள் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. அவர்களோடு கூட இருக்கத்தான் முடிந்தது.

இன்னொரு கூட்டமும் உண்டு. உவர்மலையில் பெரிய வீடு, பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு, அம்மா மட்டும். நாள் முழுக்க றேடியோ பாடிக்கொண்டிருக்கும், யாரும் கேட்பதில்லை, வீட்டில் ஒரு குரல் வேண்டும் என்பதற்காகப் போட்டுவைத்தது. உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை, அவருக்கு நாள் முழுவதும் கிடைத்திருக்கிறது, இருவருக்கும் சுகமில்லை. அவருக்கு நான் தியானம் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலில் பூக்கட்டப் போகச் சொல்வேன். தேடிப்போகிற தனிமையும் தலையில் வந்து விழுந்த தனிமையும் ஒன்றில்லை. உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் இருப்பார். பிள்ளைகளைப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் அவரிடம் விட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது.

எத்தனை நாளில் தெரியும் என்றும் கேட்டிருந்தீர்கள். நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். பரவசமோ ஒளியோ வராது, வந்தாலும் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒருவர் ஏதோ சொல்கிறார், உங்களுக்குச் சுர்ரென்று ஏறுகிறது, வாய் திறக்குமுன் ஒரு மூச்சளவு இடைவெளி தெரிகிறது. அதற்குப் பிறகு திட்டவும் செய்யலாம், பரவாயில்லை. அந்த இடைவெளி தெரிந்தால் பயிற்சி பிடித்துவிட்டது என்று அர்த்தம். சிலர் இதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிகிறார்கள். "இப்ப முந்தி மாதிரி எரிஞ்சு விழுறேல்ல" என்று பிள்ளைதான் முதலில் சொல்லும்.

கார்த்திகை, மார்கழியில் எல்லாம் குழம்பும், அதற்கு இப்போதே தயாராக இருங்கள். மழை விடாது, முற்றத்தில் தண்ணீர் நிற்கும், கூட்ட முடியாது. பள்ளிக்கூட விடுமுறை வேறு, பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். சாமி அறையில் ஈர உடுப்புக் காயும். அந்த இரண்டு மாதமும் மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தே செய்யலாம். யன்னல் சீற் கிடைத்தால் நல்லது. பாட்டைக் குறைக்கச் சொல்லிக் கொண்டக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். குறைக்கமாட்டார்.